ரத்தம் கொடுக்க வந்தவரை ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தத்தை, நீல நிறத் திரவம் இருக்கும் சின்னக் குடுவைக்குள் விடுகிறார் டெக்னீஷியன். உள்ளே விழுந்த சொட்டு ஒரு கணம் தயங்குகிறது. பதினைந்து விநாடிக்குள் அது அடிக்குப் போய்விட்டால் நீங்கள் அடுத்த மேசைக்குப் போகலாம். பாதி வழியில் நின்றாலோ மேலே மிதந்தாலோ, "இன்னிக்கு வேண்டாங்க, ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள்.

எனக்கும் ஒருமுறை அந்தச் சொட்டு மிதந்தது. அரை நாள் லீவு போட்டு வந்து, வரிசையில் நின்று, நீளமான கேள்வித்தாளை நிரப்பிவிட்டு, கடைசியில் விரலில் ஒரு பஞ்சுத் துண்டோடு வெளியே வந்தபோது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ரத்தம் வேண்டும் வேண்டும் என்று எல்லா இடத்திலும் கேட்கிறார்கள், கொடுக்க வந்தவனை வேண்டாம் என்கிறார்களே என்று. அன்றைய எரிச்சல்தான் இந்த விதிகளை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்க்க வைத்தது. பார்த்த பிறகு புரிந்தது, அந்தக் கேள்வித்தாள் இரண்டு பேருக்காக எழுதப்பட்டிருக்கிறது. சில கேள்விகள் ஊசி குத்திக்கொள்கிறவரைக் காப்பாற்ற வந்தவை. மற்றவை, அந்தப் பை போய்ச் சேரப்போகும் முகம் தெரியாத நோயாளிக்காக. எந்த விதியைப் பார்த்தாலும் 'இது யாருக்காக?' என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

சரி, அந்த நீலத் திரவத்திலிருந்தே தொடங்கலாம். அது மயில்துத்தக் கரைசல், அதாவது காப்பர் சல்பேட். தண்ணீரைப் போல 1.053 மடங்கு அடர்த்தி வரும்படி கலந்து வைத்திருப்பார்கள். ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிக்கு, 12.5 கிராம் ஹீமோகுளோபின் (சிவப்பணுக்களில் உள்ள, இரும்பு அடங்கிய புரதம்) இருக்கும் ரத்தத்தின் அடர்த்தியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைவிடக் கூடுதலாக இருந்தால் சொட்டு கனத்து மூழ்கும், குறைந்தால் மிதக்கும். மின்சாரம் வேண்டாம், கருவி வேண்டாம். ஆனால் இந்தக் குடுவை பார்ப்பது கனத்தை மட்டும்தான். ரத்தத்தில் புரதம் அளவுக்கு மீறி இருந்தால் சோகை உள்ளவரின் சொட்டும் மூழ்கிவிடும். காற்றுக் குமிழி சேர்ந்தால் நல்ல ரத்தமும் மிதக்கும். அதனால் பல இடங்களில் இப்போது கையடக்கக் கருவியில் எண்ணாகவே பார்த்துவிடுகிறார்கள். என் சொட்டு பொய் சொல்லவில்லை. அடுத்த வாரம் லேபில் கொடுத்துப் பார்த்தபோது 11.8 என்று வந்தது.

எல்லைக்கோடு நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 என்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 12.5, 13.5. இந்தியாவில் இருவருக்கும் 12.5. கோடு எங்கே இருந்தாலும் அதன் முதல் நோக்கம் கொடுப்பவருக்குச் சோகை வராமல் பார்ப்பது. அப்புறம்தான் நோயாளிக்குப் போகும் பையில் போதிய சரக்கு இருக்க வேண்டும் என்ற கணக்கு.

மூன்று கடிகாரங்கள்

ஒரு முறை கொடுத்த பிறகு மூன்று மாதம் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்காதவர்கள் குறைவு. "ரத்தம் 24 மணி நேரத்தில் ஊறிவிடும்" என்று யாரோ எப்போதோ சொன்னது எல்லார் காதிலும் இருக்கிறது. அது பாதி உண்மை. கொடுத்த பிறகு உடம்பில் மூன்று கடிகாரங்கள் மூன்று வேகத்தில் ஓடுகின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். சிவப்பணுக்கள் பழைய எண்ணிக்கைக்கு வர நான்கிலிருந்து ஆறு வாரமாவது ஆகும், பலருக்கு அதற்கு மேலும். மூன்றாவது கடிகாரம்தான் மெதுவானது, இரும்பு.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 450 மில்லி ரத்தம், டெசிலிட்டருக்கு 14 கிராம் ஹீமோகுளோபின் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 63 கிராம் ஹீமோகுளோபின் வெளியே போகிறது. ஒரு கிராமில் இருப்பது 3.4 மில்லிகிராம் இரும்பு. ஆக ஒரு பையோடு 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு போய்விடுகிறது. உணவிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்வதோ சாதாரணமாக ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். அதிலும் அன்றாட இழப்புக்கே ஒரு பங்கு செலவாகிவிடும். தேவை கூடினால் உடம்பு கொஞ்சம் அதிகமாக உறிஞ்சும், ஆனாலும் மாதக்கணக்கு ஆகாமல் பள்ளம் நிரம்பாது. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரும்பு மாத்திரை எடுத்துக்கொள்ளாத கொடையாளர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு 168 நாள் கழித்தும் இரும்பு இருப்பு பழைய நிலைக்கு வரவில்லை. மாதவிடாய்க் காலத்தில் உள்ள பெண்களுக்கு இருப்பே குறைவு என்பதால் இடைவெளியும் கூடுதல். உலக சுகாதார நிறுவனம் ஆணுக்கு 12 வாரம், பெண்ணுக்கு 16 வாரம் என்கிறது. இந்தியாவில் 90 நாள், 120 நாள். அமெரிக்காவில் 56 நாளே போதும், அங்கே இதைப் பற்றி விவாதம் ஓயாமல் நடக்கிறது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு காலியாக இருக்கலாம் என்பது வழக்கமாகக் கொடுப்பவர்கள் பலருக்குத் தெரியாது. நீலத் திரவம் அதைக் காட்டிக்கொடுக்காது. ஃபெரிட்டின் என்ற தனிப் பரிசோதனை வேண்டும்.

இதே காரணத்தால்தான் பிளாஸ்மா மட்டும் கொடுப்பவர்கள் அடிக்கடி வரலாம். கருவி பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு சிவப்பணுக்களை அப்படியே உடம்புக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது, இரும்பு வீட்டிலேயே தங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 81 வயது வரை 1,173 முறை கொடுத்ததாகக் கணக்கு. கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அவர் கொடுத்ததில் பெரும்பகுதி பிளாஸ்மா, ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அவருடைய பிளாஸ்மாவில் அபூர்வமாக அமைந்திருந்த ஒரு எதிர்ப்புப்பொருளிலிருந்து (அந்நியமானதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்), ஆர்எச் நெகட்டிவ் தாய்மார்களின் கருவைக் காக்கும் ஆன்டி-டி ஊசிமருந்து செய்தார்கள். 14 வயதில் பெரிய அறுவைச் சிகிச்சைக்கு ஆளாகி, அடுத்தவர் ரத்தத்தால் பிழைத்தவர் அவர்.

எடை விதியும் இப்படித்தான், வெறும் கணக்கு. உடம்பில் கிலோவுக்குச் சுமார் 70 மில்லி ரத்தம் உண்டு, பெண்களுக்குச் சற்றுக் குறைவு. மொத்த ரத்தத்தில் 13 சதவீதத்துக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 45 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 3,150 மில்லி. அதில் 13 சதவீதம் 409. ஆகவே 350 மில்லி பையும், பரிசோதனைக்கு எடுக்கும் சின்னக் குழாய்களும் அதற்குள் அடங்கும். 450 மில்லி பை அடங்காது. சரி, 450 பையில் பாதி மட்டும் நிரப்பினால் என்ன? அதுவும் முடியாது. பைக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஏற்கெனவே அளந்து ஊற்றிய மருந்து இருக்கிறது, 450 மில்லிக்கு 63 மில்லி என்ற விகிதத்தில். ரத்தம் குறைந்தால் மருந்தின் பங்கு கூடிப்போய் அந்தப் பையே வீணாகும்.

எடை குறைந்தவர்களிடம் கறாராக இருப்பதற்கு இன்னொரு காரணம் மயக்கம். கொடுத்து முடித்து எழும்போது சிலருக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும், நாடி தளர்ந்து ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். முதல் தடவை கொடுப்பவர்கள், இளவயதினர், ஒல்லியானவர்கள் ஆகியோருக்கு இது அதிகம். வெறும் வயிற்றில் வந்தீர்களா, ராத்திரி தூங்கினீர்களா என்று கேட்பது இதற்காகத்தான். கொடுப்பதற்குச் சற்று முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும், படுத்திருக்கும்போதே தொடைத் தசையை இறுக்கி இறுக்கித் தளர்த்துவதும் மயக்கத்தைக் குறைக்கும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சிலருக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் மயக்கம் வரும். அதனால் விமானம் ஓட்டுகிறவர்கள், கனரக வாகன ஓட்டுநர்கள், சாரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் எல்லாம் அன்றைக்கு வேலைக்குப் போகக் கூடாது என்பார்கள்.

பரிசோதனைதான் செய்கிறீர்களே, கேள்வி எதற்கு?

இனி அந்தப் பக்கம் படுத்திருப்பவர். எடுத்த ஒவ்வொரு பையையும் ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ் ஆகிய நான்குக்கும் சோதிக்க வேண்டும் என்பது உலகளாவிய குறைந்தபட்ச விதி. இடத்தைப் பொறுத்து மலேரியா, சாகஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் போன்றவையும் சேரும். அப்படியென்றால் "சமீபத்தில் புதிதாக யாருடனாவது உடலுறவு கொண்டீர்களா, பச்சை குத்திக்கொண்டீர்களா, போதை ஊசி போட்டீர்களா" என்றெல்லாம் முகத்துக்கு நேரே ஏன் கேட்க வேண்டும்? இயந்திரம்தான் கண்டுபிடித்துவிடுமே?

கண்டுபிடிக்காது, எல்லா நாளும் கண்டுபிடிக்காது. வைரஸ் உடம்புக்குள் நுழைந்த நாளுக்கும் பரிசோதனையில் அது தெரியும் நாளுக்கும் நடுவே ஒரு குருட்டு இடைவெளி இருக்கிறது. விண்டோ பீரியட் என்பார்கள். எதிர்ப்புப்பொருளைத் தேடும் பரிசோதனையில் ஹெச்.ஐ.வி.க்கு இது ஏறக்குறைய மூன்று வாரம். ஹெபடைட்டிஸ் சி என்றால் இரண்டு மாதம்கூட ஆகும். வைரஸின் மரபணுவையே நேராகத் தேடும் நாட் பரிசோதனை வந்த பிறகு இந்த இடைவெளி மிகவும் சுருங்கியது. ஹெச்.ஐ.வி.க்கும் ஹெபடைட்டிஸ் சிக்கும் பத்து நாள் அளவில், ஹெபடைட்டிஸ் பிக்கு மூன்று வாரம் அளவில் என்று வந்திருக்கிறது. சுருங்கியிருக்கிறதே தவிர இல்லாமல் போகவில்லை. அந்தச் சில நாட்களில் கொடுத்த ரத்தம் எல்லாச் சோதனையிலும் பாஸாகும். ஒரு பையைச் சிவப்பணு, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட், பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரிப்பார்கள் என்பதால் அது மூன்று நோயாளிகளுக்குப் போகலாம். அந்த நாட்களுக்கான ஒரே பரிசோதனைக் கருவி கொடுப்பவரின் வாய்தான்.

இதை உலகம் பட்டுத்தான் தெரிந்துகொண்டது. ஹெச்.ஐ.வி. பரிசோதனை 1985இல்தான் வந்தது. ஹெபடைட்டிஸ் சி வைரஸை அடையாளம் கண்டது 1989இல். அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிரிட்டனில் மட்டும் 30,000 பேருக்கு மேல் ரத்தத்தின் வழியாகவும் ரத்தப் பொருட்களின் வழியாகவும் தொற்றுக்கு ஆளானார்கள் என்று 2024 மே மாதம் வெளியான விசாரணை அறிக்கை சொல்கிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளுக்குக் கொடுத்த உறைபொருள் மருந்து, ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து செய்தது. காசுக்காகப் பிளாஸ்மா விற்றவர்களும் அமெரிக்கச் சிறைக் கைதிகளும் அந்தக் கலவையில் இருந்தார்கள். காசு கொடுத்தால் உண்மையை மறைக்க ஒரு காரணமும் சேர்த்துக் கொடுத்த மாதிரி. தன்னார்வக் கொடை மட்டுமே வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1975இலிருந்தே சொல்லிவருவது அதனால்தான்.

பச்சை குத்தியவர்களை நிறுத்தி வைப்பதும் இதே கணக்கு. பச்சையில் தப்பு ஒன்றும் இல்லை. ஊசி சுத்தமாக இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது, அதனால் பரிசோதனையில் தெரியவரும் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 4 மாதம், அமெரிக்காவில் உரிமம் கேட்காத மாநிலங்களில் குத்திக்கொண்டால் 3 மாதம். நாட் பரிசோதனை எல்லாப் பைக்கும் நடக்காத நாடுகளில் இது நீளும். ஹெச்.ஐ.வி. வராமல் தடுக்க முன்கூட்டியே மாத்திரை எடுப்பவர்களையும் சில மாதம் நிறுத்தி வைப்பார்கள். பொறுப்பாக மருந்து எடுப்பவரை ஏன் ஒதுக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்த மருந்து தொற்றை முழுவதும் தடுக்காமல் அமுக்கி மட்டும் வைத்திருந்தால், பரிசோதனையில் தெரியும் நாள் தள்ளிப்போய்விடும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி இதில் ஒரு விநோதம். ஊசியில் இருப்பது அந்த வைரஸின் மேலுறைப் புரதம். ரத்தப் பரிசோதனை தேடுவதும் அதையேதான். ஊசி போட்ட சில நாளுக்குள் ரத்தம் கொடுத்தால் நோயே இல்லாதவருக்கு 'இருக்கிறது' என்று காட்டிவிடும்.

வயிற்றுப்போக்கைப் பற்றிய கேள்வியை நான் வெகுநாள் அலட்சியமாக நினைத்திருந்தேன். நேற்று இரண்டு தடவை வயிறு போனதற்கும் ரத்தத்துக்கும் என்ன? யெர்சினியா என்று ஒரு பாக்டீரியா உண்டு. லேசான வயிற்றுப்போக்கோடு வந்து போகும். சில சமயம் அறிகுறி ஓய்ந்த பிறகும் ரத்தத்தில் கொஞ்சம் சுற்றிக்கொண்டிருக்கும். சிவப்பணுப் பைகளை 4 டிகிரிக் குளிரில் வைப்பார்கள். பெரும்பாலான கிருமிகளுக்கு அந்தக் குளிர் ஆகாது. யெர்சினியாவுக்கோ அது வசதி. சிவப்பணு உடைந்து கசியும் இரும்பைத் தின்று, குளிர்பெட்டிக்குள்ளேயே வாரக்கணக்கில் பெருகும். நேற்றைய வயிற்று வலி, ஒரு மாதம் கழித்து அறுவைச் சிகிச்சை மேசையில் ஒருவர் உயிருக்கே உலை வைக்கலாம். பிளேட்லெட்டின் கதை இன்னும் மோசம். அதைக் குளிரில் வைக்க முடியாது, 20 முதல் 24 டிகிரியில் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கிருமிக்கு அது விருந்து. பல் பிடுங்கியவரைச் சில நாள் கழித்து வரச் சொல்வது, காய்ச்சல் பார்ப்பது, முழங்கை மடிப்பில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் இதை நினைத்துத்தான். முதலில் வரும் 30, 40 மில்லியைத் தனிச் சிறுபையில் திருப்பிவிடுவதும் அப்படியே. ஊசி துளைக்கும்போது அறுத்துக்கொண்டு வரும் துணுக்குத் தோலில் கிருமி இருந்தால் அது அங்கேயே நின்றுவிடும். பரிசோதனைக் குழாய்களுக்கும் அந்த ரத்தமே போதும்.

மலேரியாவுக்குக் கேள்விதான் பல நாடுகளில் முதல் தற்காப்பு, எங்கே போய் வந்தீர்கள், எப்போது காய்ச்சல் வந்தது என்று. மிகக் குறைந்த அளவில் ஒட்டுண்ணி இருந்தாலும் பிடித்துவிடும் எளிய பரிசோதனை எல்லா இடத்திலும் இல்லை.

மருந்துகளில் பெரும்பாலானவற்றால் தொந்தரவு கிடையாது. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர், அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் பல நாடுகளில் கொடுக்கலாம். சில மருந்துகளில்தான் கவனம். முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டிரைடு இரண்டும் கருவைப் பாதிக்கக் கூடியவை. உங்கள் ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம் என்பதால் நிறுத்தி ஒரு மாதமாவது ஆக வேண்டும். சொரியாசிஸுக்கு எடுக்கும் அசிட்ரெடின் உடம்பில் நெடுங்காலம் தங்கும், அதற்கு மூன்று வருடம். ஆஸ்பிரின் எடுத்தவர் சிவப்பணுவுக்கு ரத்தம் கொடுக்கலாம். ஆனால் அவருடைய பிளேட்லெட்டுகள் ஒட்டும் சக்தியை இழந்திருக்கும் என்பதால், பிளேட்லெட் கொடுக்க இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும்.

சொந்த ரத்தமே வேண்டாம்

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அடிக்கடி கேட்கிற வாக்கியம், "வெளி ஆளோட ரத்தம் எதுக்கு? நானே குடுக்கிறேன், என் புள்ளைதானே." இதைவிட நியாயமாக ஒன்றும் இருக்க முடியாது என்று தோன்றும். மருத்துவமோ இங்கே நேர் எதிராகப் பேசுகிறது.

ஏற்றிய ரத்தத்தில் கொடுத்தவரின் வெள்ளணுக்களும் கொஞ்சம் இருக்கும். சாதாரணமாக, வாங்கியவரின் உடம்பு அவற்றை அந்நியமாகக் கண்டு அழித்துவிடும். நெருங்கிய உறவென்றால் திசு அடையாளங்கள் பாதிக்குப் பாதி ஒத்துப்போகலாம். அப்போது உடம்பு அவற்றை நம்மவர் என்று விட்டுவிடும். அவை மட்டும் அந்த உடம்பைத் தங்களுடையதாக ஒப்புக்கொள்ளாமல் தாக்கத் தொடங்கும். தோல், குடல், கல்லீரல், கடைசியில் எலும்பு மஜ்ஜை. மிக அபூர்வம்தான். ஆனால் வந்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை. வேறு வழியில்லாமல் ரத்த உறவினரிடமிருந்து எடுத்தால், வெள்ளணுக்கள் பெருக முடியாதபடி பையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகுதான் ஏற்ற வேண்டும். குழந்தை பெறும் வயதில் உள்ள மனைவிக்குக் கணவர் கொடுப்பதையும் தவிர்க்கச் சொல்வார்கள். கணவருடைய அணுக்களுக்கு எதிராக அவள் உடம்பு எதிர்ப்புப்பொருள் உண்டாக்கிவிட்டால், அது பின்னால் குழந்தையைத் தாக்கலாம்.

இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உறவினர் முன்னால், டாக்டர் முன்னால், "எனக்கு ஒரு பிரச்சினை இருக்கு, நான் குடுக்கக் கூடாது" என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடியும்? காசு வாங்கிக் கொடுப்பவரைப் போலவே, கட்டாயத்தில் கொடுப்பவருக்கும் மறைக்க ஒரு காரணம் வந்துவிடுகிறது. அதனால் சில ரத்த வங்கிகளில் ஒரு ரகசிய வழி வைத்திருப்பார்கள். தனியறையில் ஒரு தாள், 'என் ரத்தத்தைப் பயன்படுத்தலாம்', 'வேண்டாம்' என்று இரண்டே கட்டம். ஊருக்கு முன்னால் படுத்து எழுந்து போகலாம், பை மட்டும் சத்தமில்லாமல் குப்பைக்குப் போகும். மனுஷ சுபாவம் தெரிந்த யாரோதான் இதை யோசித்திருக்க வேண்டும்.

ஆளைப் பார்ப்பதா, கூட்டத்தைப் பார்ப்பதா

எல்லா விதியும் இப்படி நியாயமாக நிற்பதில்லை. சில விதிகள் ஒரு பீதியில் பிறந்து, காரணம் போன பிறகும் நின்றுகொண்டிருந்தவை. பிரிட்டனில் பைத்திய மாட்டு நோய் பரவியபோது, அதன் மனித வடிவம் ரத்தத்தின் வழியாகவும் பரவுமோ என்று பயந்தார்கள். பயம் வீண் இல்லை. அங்கே நான்கு பேருக்கு அப்படித் தொற்றியது பதிவாகியிருக்கிறது. கொடையாளரிடம் அதைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை எதுவும் புழக்கத்தில் இல்லாததால், 1980 முதல் 1996 வரையான காலத்தில் பிரிட்டனில் மூன்று மாதம் தங்கியவர்களை எல்லாம் அமெரிக்கா ஒதுக்கியது. கடைசியில் 2022இல் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் தடையை எடுத்தன. ஒரு காலத்தில் அங்கே படிக்கப் போனவர், இருபது வருடத்துக்கு மேல் கொடுக்க முடியாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று தகுதியுள்ளவர் ஆனார். அவர் ரத்தத்தில் எதுவும் மாறவில்லை.

ஆணோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கான தடை இதைவிட ஆழமாகக் காயப்படுத்தியது. 1980களில் எய்ட்ஸ் பரவியபோது அமெரிக்காவில் அது ஆயுள்காலத் தடையாகவே வந்தது. பரிசோதனை இல்லாத நாளில் அதற்குப் பொருள் இருந்தது. விண்டோ பீரியட் பத்து நாளாகச் சுருங்கிய பிறகு ஆயுள்காலத் தடைக்கு என்ன கணக்கு? 2015இல் 12 மாதம், 2020இல் 3 மாதம் என்று இறங்கி, 2023இல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். இப்போது ஆண் பெண் யாரிடமும் ஒரே கேள்வி, கடந்த மூன்று மாதத்தில் புதிய துணையோ ஒன்றுக்கு மேற்பட்ட துணையோ உண்டா, எந்த வகை உறவு என்று. பிரிட்டன் 2021இலேயே இதற்கு மாறிவிட்டது. இந்தியா உட்படப் பல நாடுகளின் வழிகாட்டல்களில் பழைய தடை இன்னும் இருக்கிறது. என்னைக் கேட்டால், நீ யார் என்று கேட்பதைவிட என்ன செய்தாய் என்று கேட்பது மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும் அதில்தான் கூடுதல். பழைய கேள்வியில், ஒரே துணையோடு இருபது வருடம் வாழ்ந்த ஆண் வெளியே நின்றார். போன வாரம் புது உறவு வைத்த வேறொருவர் உள்ளே போனார்.

புற்றுநோய் வந்து குணமானவர்கள் கதையும் கிட்டத்தட்ட இதுதான். ரத்தத்தால் புற்றுநோய் தொற்றும் என்பதற்குச் சான்றில்லை. டென்மார்க், ஸ்வீடன் பதிவேடுகளை வைத்து 2007இல் வந்த பெரிய ஆய்வு, பின்னாளில் புற்றுநோய் கண்ட கொடையாளர்களின் ரத்தத்தை வாங்கியவர்களுக்கு அபாயம் கூடவில்லை என்று காட்டியது. ஆனாலும் பல நாடுகள் நிரந்தரத் தடை வைத்திருக்கின்றன, சில நாடுகள் குணமாகிச் சில வருடம் ஆனால் சரி என்கின்றன.

பாசிட்டிவ் என்று போன் வந்தால்

சிலர் ஹெச்.ஐ.வி. இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளவே ரத்தம் கொடுக்க வருகிறார்கள். சந்தேகம் வந்த பத்தாம் நாளே வந்து நிற்பவர்தான் ரத்த வங்கிக்குப் பெரிய கவலை, ஏனென்றால் அவர் சரியாகக் குருட்டு இடைவெளிக்குள் நிற்கிறார். சந்தேகம் இருந்தால் பரிசோதனை மையத்துக்குப் போவதே சரி.

மறுபக்கம், எதுவுமே செய்யாதவருக்கு "உங்க ரத்தத்துல ஒரு டெஸ்ட் ரியாக்டிவ்னு வந்திருக்கு" என்று போன் வரும்போது வீடே இடிந்து போகும். அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தாயிரம் பேர் கொடுக்கிறார்கள், அதில் ஒருவருக்குத்தான் உண்மையில் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டும் தப்பாக 'ஆம்' என்று சொல்லுகிறது. அப்படியானால் பட்டியலில் பதினோரு பேர் வருவார்கள், அதில் பத்துப் பேருக்கு ஒன்றும் இல்லை. நோயாளியைக் காக்க, முதல் பரிசோதனையைச் சந்தேகப்பிராணியாகவே வடிவமைத்திருக்கிறார்கள். பதினோரு பையும் குப்பைக்குத்தான். ஆனால் அந்தப் பதினோரு பேருக்கும் அடுத்த கட்ட உறுதிப் பரிசோதனை நடக்கும் வரை யாரும் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து அழுத்திய பிறகும் இந்த விசாரணை முடிவதில்லை. போகும்போது கையில் ஒரு சின்னச் சீட்டுக் கொடுப்பார்கள், கீழே ஒரு போன் நம்பர் இருக்கும். பெரும்பாலும் அது சட்டைப் பையிலேயே துவைந்து கூழாகிவிடும். மறுநாள் ராத்திரி காய்ச்சல் அடித்தாலோ, வயிறு போனாலோ, கேள்வித்தாளில் சொல்ல மறந்தது ஏதாவது நினைவுக்கு வந்தாலோ கூப்பிடத்தான் அந்த நம்பர். கூப்பிட்டால் பெயரைக்கூட முதலில் கேட்க மாட்டார்கள், பை எண்ணைத்தான் கேட்பார்கள். யாரோ ஒருவர் எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்து, அந்த எண் ஒட்டிய பையைத் தேடி எடுத்துத் தனித்தட்டில் வைப்பார்.